சாவியைக் கொடுத்தனுப்பும் பூட்டு

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாகல் நகரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நூறாண்டுக்கு மேலாகக் கைவேலையாகவே நடந்துவரும் தொழில் அது. மாங்காய்ப் பூட்டு என்று பெயர் பெற்ற பழைய வகையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்பார்வைக்கு அது கனத்த இரும்பு. திறந்தால் உள்ளே அடுக்கடுக்காக லீவர் தகடுகள். ஒவ்வொன்றையும் ஒரு வில் அழுத்திப் பிடித்திருக்கும். சாவியின் வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். ஒரு தகடு மயிரிழை கூடுதலாக எழும்பினாலும் நகராது. அரத்தால் ராவி ராவி அந்த அளவைக் கொண்டுவரும் கைகளைப் பார்த்தவர்களுக்கு, பூட்டின் புத்தி முழுவதும் அளவில்தான் இருக்கிறது என்பது சொல்லாமலே விளங்கும்.

அதே ஊரின் ரயில் பாதை ஓரத்திலும், குப்பைமேட்டிலும், குடகனாற்றின் வறண்ட மணலிலும், வேடசந்தூர் சாலையின் செம்மண் கரையிலும் இன்னொரு பூட்டு ஆண்டு முழுவதும் பூத்து நிற்கிறது. அதை யாரும் நட்டதில்லை, நீர் ஊற்றியதில்லை. ஆடு கடிப்பதில்லை. எருக்குதான் அது. நெல் வயலில் தழையுரமாக மிதிப்பதற்கும், பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டுவதற்கும், நாரில் விளக்குத்திரி திரிப்பதற்கும் ஆகும் என்பதற்கு மேல் இந்தச் செடிக்கு நாம் மதிப்புத் தருவதில்லை. இன்று நேற்றல்ல, சங்க காலத்திலேயே அப்படித்தான். பாரியைப் பாடிய கபிலர், நல்ல பூவிலும் சேராத, தீய பூவிலும் சேராத ஒன்றாக எருக்கை எண்ணுகிறார். அதையும் ஒருவர் அன்போடு கொடுத்தால் கடவுள் வேண்டாம் என்று சொல்லாது என்பது அவர் வாதம். பாரியின் பறம்பு மலை என்று கருதப்படும் பிரான்மலை, நத்தத்துக்கு நேர் கிழக்கே இருக்கிறது. அன்றும் அந்தச் சமவெளியெங்கும் எருக்கு மண்டிக் கிடந்திருக்க வேண்டும்.

கபிலரிடம் ஒரு கைலென்ஸ் இருந்திருந்தால் எருக்கைப் பற்றி வேறு மாதிரி எழுதியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். பறிக்கும்போது காம்பிலிருந்து பால் வடியும். அந்தக் கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகக் கூடாது. எருக்கம்பால் கண்ணில் பட்டுக் கருவிழி பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இந்தியக் கண் மருத்துவர்கள் பல முறை எழுதியிருக்கிறார்கள். பால் வடிந்து முடியட்டும். அடியில் மெழுகு பூசியது போன்ற தடித்த ஐந்து இதழ்கள், வெளிர் ஊதா நிறத்தில், வெள்ளெருக்கில் வெள்ளை. நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஒரு மகுடம். சிறு வயதில் மொட்டை நசுக்கி ‘டப்’ என்று வெடிக்க வைத்த எல்லோருக்கும் இந்த மகுடம் தெரியும். அதன் உச்சி தட்டையான ஐங்கோணம். ஐங்கோணத்தைச் சுற்றி, சதைப்பற்றுள்ள ஐந்து செதில்கள் செங்குத்தாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் அடியில் சுருண்டு ஒரு கொம்பாக முடிகிறது.

இந்தப் பூவில் வழக்கமான மகரந்தத்தைத் தேடினால் கிடைக்காது. செம்பருத்தியிலும் பூசணியிலும் விரலில் ஒட்டும் மஞ்சள் பொடி இங்கே இல்லை. தனித்தனியாக ஆடும் கேசரங்களும் இல்லை. ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒன்றாக ஒட்டி ஒரே தூணாகிவிட்டன. நாம் பார்த்த ஐங்கோணம் அந்தத் தூணின் உச்சி. மகரந்தம் இருக்கிறது, ஆனால் பொடியாக இல்லை. மெழுகுத்தன்மையுள்ள பைகளில் கட்டியாக அடைபட்டு, தூணின் பக்கவாட்டில் ஒளிந்திருக்கிறது. ஒரு பூவில் பத்துப் பைகள்.

இப்போது லென்ஸை ஐங்கோணத்தின் ஒரு மூலைக்குக் கொண்டு போங்கள். கரும்பழுப்பு நிறத்தில் ஒரு புள்ளி தெரியும். கூர்மையான கண்ணுள்ளவர்களுக்கு லென்ஸ் இல்லாமலே தெரியும். அந்தப் புள்ளிக்குக் கீழே, இரண்டு செதில்களுக்கு நடுவே, ஒரு செங்குத்தான பிளவு இறங்குகிறது. பிளவின் இரு விளிம்புகளும் கடினமானவை. கீழே சற்று அகன்று, மேலே போகப் போக ஒடுங்குகின்றன. ஐந்து மூலைக்கும் ஐந்து புள்ளிகள், ஐந்து பிளவுகள். பிளவுக்குப் பின்னால் ஒரு சிற்றறை. சூல்முடியின் மகரந்தம் ஏற்கும் பரப்பு அந்த அறைக்குள்தான் இருக்கிறது. வெளியே எங்கே மகரந்தத்தைத் தடவினாலும் பயனில்லை. பை அந்தப் பிளவு வழியாக அறைக்குள் போய்ச் சேர வேண்டும்.

மெல்லிய தையல் ஊசி ஒன்றை எடுத்து, பிளவின் அடிப்பக்கம் நுழைத்து, மெதுவாக மேல்நோக்கி இழுங்கள். விளிம்புகள் ஊசியை விலகவிடாமல் நேராக மேலே நடத்தும். உச்சியில் லேசான தடை தெரியும். பிறகு சட்டென்று விடுபடும். ஊசி முனையைப் பார்த்தால் அந்தக் கரும்புள்ளி அதில் கவ்விக்கொண்டிருக்கும். புள்ளியிலிருந்து இரண்டு மெல்லிய காம்புகள் இறங்க, ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள மஞ்சள் பை ஒன்று தொங்கும். அந்தப் புள்ளி உண்மையில் ஒரு கவ்வி. அதன் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறது. ஊசியோ பூச்சியின் கால்மயிரோ அந்தப் பள்ளத்துக்குள் ஏறினால் இறுகிக்கொள்ளும், இறங்காது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு கவ்வியில் தொங்கும் இரண்டு பைகளும் ஒரே ஆண் உறுப்பிலிருந்து வந்தவை அல்ல. ஒன்று பிளவுக்கு இடப்பக்கத்து ஆண் உறுப்பிலிருந்தும் மற்றொன்று வலப்பக்கத்து ஆண் உறுப்பிலிருந்தும் வந்தவை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரின் பொருளை ஒரே கவ்வி இணைத்துக் கொண்டுபோகிறது.

ஊசியின் வேலையைத் தோட்டத்தில் செய்வது கருவண்டு. மரத்தைத் துளைத்துக் குடியிருப்பதால் அறிவியல் எழுத்தில் தச்சுத் தேனீ என்பார்கள். பெயர் வண்டு என்றிருந்தாலும் இனத்தால் தேனீதான். கட்டைவிரல் நுனிப் பருமன், மினுங்கும் கறுப்பு, வெயிலில் நீலமும் ஊதாவும் அடிக்கும் இறக்கை, தூரத்திலேயே கேட்கும் ரீங்காரம். காலை வெயிலில் ஒரு எருக்கம் புதரின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் கட்டாயம் ஒன்று வரும். தேனுக்காக மகுடத்தின் மேல் இறங்கும். மகுடம் மெழுகு வழுக்கல். பிடிமானம் தேடிக் கால்கள் செதில்களுக்கு நடுவே இறங்கும். ஒரு கால் பிளவில் சிக்கும். வண்டு இழுக்கும். விளிம்புகள் காலை மேலே நடத்தும். கவ்வி பற்றும். வண்டு பலசாலி, உதறி எழும். காலிலோ வாயுறுப்பிலோ கரும்புள்ளியும் மஞ்சள் பைகள் இரண்டும் தொங்க, அடுத்த பூவுக்குப் போகும். அங்கே அதே கால் மறுபடி ஒரு பிளவில் இறங்கும். இம்முறை காலோடு மகரந்தப் பையும் உள்ளே போகிறது. வண்டு காலை மேலே இழுக்கும்போது பை அறைக்குள் மாட்டிக்கொள்ள, காம்பு அறுந்து, கால் விடுபடுகிறது. மகரந்தம் உள்ளே, வண்டு வெளியே.

பட்டறையில் செய்யும் பூட்டுக்குச் சாவி தனி. அது சொந்தக்காரன் இடுப்பில் இருக்கும். எருக்கு தன் சாவியைத் தானே தயாரித்து, வாசலிலேயே வைத்திருந்து, வந்த விருந்தாளியின் காலில் மாட்டி அனுப்புகிறது. அந்தச் சாவி இன்னொரு எருக்கின் பூட்டைத் திறக்கும். பிளவின் அகலம், பையின் பருமன், காம்பின் நீளம் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும் அளவில் இருந்தால்தான் வேலை நடக்கும். இந்த அளவுகள் இனத்துக்கு இனம் மாறுகின்றன. வேலியில் படரும் வேலிப்பருத்தி, சர்க்கரை நோய்க்குத் தேடப்படும் சிறுகுறிஞ்சான், கரட்டில் ஆடு மேய்ப்பவர்கள் பறித்துத் தின்னும் கள்ளிமுளையான் ஆகிய மூன்றுமே எருக்கின் நெருங்கிய உறவினர். மூன்றிலும் இதே கவ்வியும் பிளவும் உண்டு, அளவுதான் வேறு. கள்ளிமுளையானின் கவ்வி மிகச் சிறியது, அதைத் தூக்கிச் செல்பவை ஈக்கள்.

சில உறவுச் செடிகளில் இதைவிட நுட்பமான ஒன்றும் நடக்கிறது. பூவிலிருந்து பிடுங்கிய உடனே பைகள் நுழையத்தக்க கோணத்தில் இருப்பதில்லை. காம்பு காற்றில் உலர உலர முறுக்கிக்கொண்டு பையைத் திருப்புகிறது. சில நிமிடங்கள் கழித்தே பொருத்தமான கோணம் வருகிறது. அதற்குள் பூச்சி அடுத்த செடிக்குப் போயிருக்கும். அதே செடியின் மகரந்தம் அதே செடிக்குள் விழாமல் தள்ளிப்போட இது ஒரு வழி.

இந்தப் பூவின் பொறியமைப்பு மேற்கத்திய அறிவியலுக்குள் வந்த கதையில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. எருக்கைக் ‘கலோட்ரோபிஸ்’ என்ற பேரினமாக 1810-ல் பிரித்துப் பெயரிட்டவர் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் பிரவுன். மகரந்தம் பொடியாக இருக்கும் அரளிக் கூட்டத்திலிருந்து, மகரந்தம் கட்டியாக இருக்கும் எருக்குக் கூட்டத்தைத் தனிக் குடும்பமாகப் பிரித்ததும் அவர்தான். 1831-ல் லண்டன் லின்னேயன் கழகத்தில் அவர் வாசித்த கட்டுரை, ஆர்க்கிட் செடிகளும் எருக்கின் உறவுச் செடிகளும் எப்படிக் கருவுறுகின்றன என்பதைப் பற்றியது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உட்கரு என்று ஒன்று இருக்கிறது என அவர் பெயர் சூட்டி எழுதியது அந்தக் கட்டுரையில்தான். பள்ளிக்கூடத்தில் உயிரியல் படித்த எல்லோரும் வரைந்த செல் படத்தின் நடுப்புள்ளிக்கு எருக்குக் குடும்பத்தோடு இப்படி ஓர் உறவு.

இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வைட். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்து, தாவரவியலிலேயே மூழ்கிப் போனவர். 1834-ல் வெளியான அவருடைய இந்தியத் தாவரவியல் நூலில், வாக்கர் ஆர்னாட்டுடன் சேர்ந்து எழுதிய எருக்குக் குடும்பப் பகுதி முக்கியமானது. 1836-ல் பழனி மலைக்கு ஏறிச் செடி சேகரித்தார். அவருடைய நூல்களின் படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு ஓவியர்கள். பூவைப் பிரித்து, ஒவ்வொரு உறுப்பையும் பெரிதாக்கி, நூலிழைக் கோடுகளில் வரைந்த அவர்கள் கண்ணும் கையும் இல்லாமல் வைட்டின் அறிவியல் பாதிகூட வெளியே வந்திருக்காது. கோவிந்துவின் பெயரை வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைத்தார். ரங்கையாவுக்கும் அப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்க வேண்டும்.

இந்தப் பூவில் என்னை மிகவும் வியக்க வைப்பது அந்தக் கவ்வி எதனால் ஆனது என்பதுதான். கரும்பழுப்பாக, கடினமாக, வடிவம் பிசகாமல் இருக்கும் அதை ஓர் உறுப்பு என்றே எவரும் நினைப்பார்கள். இலை, இதழ், கேசரம் போல அது செல்களால் வளர்ந்ததாக இருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் அதில் செல்லே இல்லை. சூல்முடித் தலையின் மேற்பரப்புச் செல்கள் மொட்டுப் பருவத்தில் ஒரு பசையைச் சுரக்கின்றன. அந்தப் பசை தலையின் மூலைகளிலுள்ள பள்ளங்களில் சேர்ந்து, பள்ளத்தின் வடிவத்தையே ஏற்று இறுகுகிறது. காம்பும் கவ்வியும் இப்படி வார்க்கப்பட்டவை. பெண் உறுப்பு ஊற்றிய பசையில், இரு பக்கத்து ஆண் உறுப்புகளின் பைகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. மொட்டு விரியும்போது சாவி தயார்.

இவ்வளவும் ஒரே நாளில் எப்படி வந்திருக்கும் என்ற கேள்வி எழுவது நியாயம். பிளவு இல்லாமல் கவ்வி இருந்து பயனில்லை. கவ்வி இல்லாமல் பை இருந்து பயனில்லை. பை இல்லாமல் பிளவு எதற்கு? பூட்டுச் செய்பவர் முழுப் பூட்டையும் மனத்தில் பார்த்துவிட்டுத்தான் முதல் தகட்டை வெட்டுகிறார். செடிக்கு அப்படிப் பார்க்க மனம் இல்லை.

இதற்கான விடையைத் தேடித் திண்டுக்கல்லை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. நான்கு வழிச்சாலையின் நடுவே வரிசையாக வைத்திருக்கும் அரளியைப் பாருங்கள், வீட்டு வாசலில் இருக்கும் நித்தியகல்யாணியைப் பாருங்கள். எருக்கைப் போலவே ஐந்து இதழ். எல்லாம் ஒரே பெருங்குடும்பம். பிரவுன் இரண்டாகப் பிரித்ததை, மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு 1998-ல் தாவரவியலாளர்கள் மறுபடி ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். நித்தியகல்யாணியின் மகரந்தம் சாதாரணப் பொடிதான். ஆனால் அதன் சூல்முடித் தலையும் பசை சுரக்கிறது. பூச்சி தன் உறிஞ்சுகுழலை உள்ளே விட்டு வெளியே எடுக்கும்போது பசை அதில் தடவப்படுகிறது. பசையில் மகரந்தம் ஒட்டுகிறது. அங்கே கவ்வியும் இல்லை, பையும் இல்லை. ஆனாலும் வேலை நடக்கிறது.

அடுத்து நன்னாரி. சர்பத்துக்கு வேர் தோண்டும் அதே கொடி. அதன் பூ சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதில் பசை ஒரு சிறு கரண்டியின் வடிவில் இறுகுகிறது. கரண்டியின் அடியில் பிசுபிசுப்பான ஒரு வட்டு. மகரந்தம் தனித்தனிப் பொடியாக இல்லாமல் நான்கு நான்காகச் சேர்ந்து கரண்டிக்குள் விழுகிறது. பூச்சி தொட்டால் வட்டு ஒட்டி, கரண்டியோடு மகரந்தம் போகிறது. பசை இங்கே கருவியாகிவிட்டது. கவ்வி இன்னும் ஆகவில்லை.

எருக்கில் பசை கவ்வியாகிறது, மகரந்தம் முழுவதும் ஒரே கட்டியாகிறது.

நித்தியகல்யாணியிலிருந்து நன்னாரியும், நன்னாரியிலிருந்து எருக்கும் பிறந்தன என்று இதற்குப் பொருளில்லை. ஒரே பாட்டிக்குப் பிறந்த பேரப்பிள்ளைகள் அவை; ஒவ்வொன்றும் தன் வழியில் போனது. ஆனால் பாதிப் பூட்டும் முக்கால் பூட்டும் பயனற்றவை அல்ல என்பதை அவை உயிரோடு நின்று காட்டுகின்றன. பசை மட்டும் இருந்தாலே பூவுக்கு லாபம். பசை கொஞ்சம் இறுகினால் இன்னும் லாபம். ஒவ்வொரு தலைமுறையிலும் சிறு சிறு வேறுபாடுகள் வருகின்றன. அதிக விதை தந்த வேறுபாடு நிலைக்கிறது, மற்றது மறைகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் இப்படிப் போனால், யாரும் வரையாத வரைபடத்திலிருந்து மில்லிமீட்டர் பிசகாத பொறி வந்து நிற்கிறது. அது ஒருவர் கையில் ஒரே நாளில் உருவானது என்று கேட்பதைவிட, இப்படி வந்தது என்று அறியும்போதுதான் எனக்கு வியப்பு கூடுகிறது.

இந்த ஏற்பாட்டால் எருக்குக்கு என்ன லாபம்? பொடி மகரந்தத்தில் பெரும்பங்கு வீண். காற்றில் போகும், மழையில் கரையும், தேனீ தன் குஞ்சுகளுக்கு உணவாக எடுத்துப்போகும். எருக்கின் மகரந்தம் பைக்குள் இருப்பதால் எவரும் தின்ன முடியாது. வண்டுக்குத் தேன் மட்டும்தான் கூலி. ஒரு பை சரியான அறைக்குள் சேர்ந்துவிட்டால், அதிலுள்ள மகரந்தமெல்லாம் ஒன்றாக முளைத்து, அந்த ஒரே வருகையில் ஒரு காயின் விதைகள் அத்தனையும் கருவுற வழியுண்டு. தேனுக்கும் இதில் இரட்டை வேலை. இந்தக் குடும்பத்தின் சில செடிகளில் ஆராய்ந்து பார்த்தபோது, பிளவுக்குப் பின்னாலுள்ள அறையில்தான் தேன் சுரக்கிறது என்றும், பூச்சியை இழுக்கும் அந்தத் தேனிலேயே மகரந்தம் முளைக்கிறது என்றும் தெரிந்தது. வெயிலில் நீர் வற்றித் தேன் மிகவும் கெட்டியானால் முளைப்பது நின்றுபோகும்.

நஷ்டமும் உண்டு, அது சிறிதல்ல. பூட்டு கடினமாக இருந்தால் திறப்பவர்கள் குறைவு. கொத்துக் கொத்தாகப் பூத்தாலும் எருக்கில் காயாவது மிகச் சிலவே. ஒரு புதரின் பூவையும் காயையும் எண்ணிப் பார்த்தால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். பலமில்லாத பூச்சிகளின் கதை இன்னும் மோசம். இந்தக் குடும்பத்துப் பூக்களின் பிளவில் கால் மாட்டிக்கொண்டு, இழுக்க வலுவில்லாமல் அங்கேயே சாகும் சிறு ஈக்களும் தேனீக்களும் உண்டு. காலை முறித்துக்கொண்டு தப்புபவையும் உண்டு. பூவுக்கு இரக்கம் கிடையாது. அதன் அளவு பெரிய வண்டுக்கு வெட்டிய அளவு.

காயான பிறகு வரும் விதைப் பறப்பு எல்லோரும் அறிந்தது. கோடையில் காய் வெடித்து, தட்டையான விதை ஒவ்வொன்றும் பட்டு இழைக் குஞ்சத்தோடு காற்றில் ஏறிப் போகும். அந்த இழை உள்ளே பொள்ளல், காற்று நிரம்பியது. அதனால்தான் அத்தனை லேசு.

எருக்கம்பாலின் காவலையும் ஒரு பூச்சி திறந்திருக்கிறது. இலையை எங்கே கடித்தாலும் பீறிடும் அந்தப் பாலில் இதயத்தைத் தாக்கும் நச்சுகள் இருக்கின்றன. அதோடு அது உடனே உறைந்து, கடித்த வாயையே ஒட்டவைத்துவிடும். வெந்தய வரியன் என்ற ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சியின் புழு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. இலையைத் தின்னத் தொடங்கும் முன்பே இலைக்குப் பால் வரும் நரம்பைக் கடித்துவிடுகிறது. பால் அங்கேயே வடிந்து தீர்ந்ததும், வெட்டுக்கு அப்பால் உள்ள இலையை நிதானமாகத் தின்கிறது. இந்தக் காட்சியைப் பார்க்க லென்ஸ்கூட வேண்டாம். பாதி தொங்கிய எருக்க இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் போதும். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரிபோட்ட புழு அங்கே இருக்க வாய்ப்புண்டு.

மறுபடி கருவண்டுக்கு வருகிறேன், ஏனென்றால் அதோடு நம் வயிற்றுப்பாடும் சேர்ந்திருக்கிறது. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரும் காய்கறிகளில் முருங்கைக்குத் தனி இடம். விசாகப்பட்டினத்தில் முருங்கைப் பூக்களைக் கவனித்த தாவரவியலாளர்கள் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், முருங்கைக்கு மகரந்தம் சேர்ப்பதில் முதன்மையானவை இந்தத் தச்சுத் தேனீக்களே என்று எழுதினார்கள். கத்தரிப் பூவில் மகரந்தம் நுனித் துளை வழியாகத்தான் வெளியே வரும். பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து அதை உதிர்க்கும் திறன் தச்சுத் தேனீக்கு உண்டு, வளர்ப்புத் தேனீக்கு இல்லை. அவரைக்கும் அகத்திக்கும் இந்த வண்டு வருகிறது. ஆனால் முருங்கையும் அவரையும் ஆண்டு முழுவதும் பூப்பதில்லை. வருடத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழையை வைத்துக் காலம் தள்ளும் இந்தச் சமவெளியில், வேறெதுவும் பூக்காத வைகாசியிலும் ஆனியிலும்கூடத் தேனோடு நிற்பது எருக்கு. பயிர் பூக்காத மாதங்களில் வண்டுக்குச் சோறு போடுவது அதுதான்.

இந்த வண்டு கூட்டமாகத் தேனடை கட்டி வாழ்வதில்லை. காய்ந்த கிளையிலோ, மூங்கிலிலோ, பழைய பனங்கழியிலோ பென்சில் பருமனில் துளை போட்டு, உள்ளே அறை அறையாகத் தடுத்து முட்டையிடுகிறது. ஓட்டு வீடுகள் காங்கிரீட்டாகி, வேலிகள் கம்பியாகி, பட்டமரம் கண்ட உடனே விறகாகிவிடும் ஊரில் அதற்கு இடமில்லை. எருக்கு இருந்து வண்டு இல்லாவிட்டால் காய் இல்லை. வண்டு இருந்து துளையிட மரம் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு வண்டு இல்லை. திண்டுக்கல்லின் கைப்பூட்டுத் தொழில் அலிகார் பூட்டோடும் இயந்திரத்தோடும் போட்டி போட முடியாமல் நலிந்துவருவதைப் பற்றி நாம் கவலைப்பட்டுப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். எருக்கம் பூட்டுக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும்.

வரப்பையும் வேலியோரத்தையும் துப்புரவாக்க ஜேசிபி கூப்பிடும் விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள்: முருங்கைத் தோட்டத்தின் மூலையில் இரண்டு எருக்கம் புதரை விட்டுவையுங்கள். பக்கத்திலேயே காய்ந்த மரக்கிளை ஒன்றையோ, மூங்கில் துண்டுகள் நான்கைந்தையோ நிழலில் கட்டித் தொங்கவிடுங்கள். மருந்தடிக்கும் நாளில் வண்டு பறக்கும் காலை வேளையைத் தவிர்த்து, மாலையில் அடியுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒன்று: ஒரு கைலென்ஸும் ஒரு ஊசியும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடச் சுவருக்கு வெளியே அழைத்துப் போங்கள். பால் பட்ட கையைக் கழுவச் சொல்லிவிட்டு, பிளவின் அடியிலிருந்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். முதல் தடவையிலேயே பலருக்குச் சாவி கிடைத்துவிடும்.